இருபத்தாறாவது எறும்பு

எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவை இன்றுபோல் ஒற்றை வரிசையில் நடக்கவில்லை. சதுரம் கட்டித்தான் நடந்தன. குறுக்கே ஐந்து பேர் என்றால் நெடுக்கேயும் ஐந்து பேர். புற்றுவாசலில் காவல் இருந்த பெருந்தலைச்சி, பக்கம் எத்தனை என்று ஒரே கேள்விதான் கேட்பாள். ஐந்து என்றால் ஐயைந்து இருபத்தைந்து. ஐந்து வரிசை நுழைந்ததும் களிமண் உருண்டையைத் தள்ளி வாசலை அடைத்துவிடுவாள். தலை தலையாக எண்ணும் தொல்லை இல்லை. அவளுக்குத் தலை பெரிதே தவிர பொறுமை பெரிதில்லை.

சதுரத்தில் அடங்காமல் மிஞ்சியவர்கள் வெளியே நிற்க வேண்டும். அடுத்த சதுரத்துக்கு ஆள் சேர்ந்தால் உள்ளே வரலாம். வெயில் காலத்தில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

செம்பி என்பவள் மூலைக்காரி. சதுரத்தின் ஒரு மூலையை விட்டு நகராமல் நடப்பது அவள் வேலை. ஐப்பசியில் ஒரு நாள், இருபத்தைந்து பேரும் கம்பு மணி பொறுக்கிக்கொண்டு திரும்பும்போதுதான், அவள் தங்கை இளவி யாரிடமும் சொல்லாமல் பின்னாலேயே வந்திருப்பது தெரிந்தது. கால்கூட இன்னும் திடப்படாத சின்னப் பெண். அக்காவைப் பிரிந்து இருக்க முடியவில்லையாம்.

வாசலுக்கு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பெருந்தலைச்சி இளவியைப் பார்த்தாள். ஐந்துக்கு அடுத்தது ஆறு, ஆறாறு முப்பத்தாறு, இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தால் இவளும் உள்ளே வரலாம் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பத்துப் பேருக்கு எங்கே போவது? மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

செம்பி மூலையை விட்டு வெளியே வந்தாள். சதுரம் கலைந்தது. கூட வந்தவர்கள் திட்டத் திட்ட, தங்கையை மட்டும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கேளுங்க சித்தி, பக்கம் எத்தனைன்னு."

"ஒத்தை ஆளுக்கு ஏதுடி பக்கம்?"

"குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு. ஓரொண்ணு ஒண்ணு. அப்போ ஒண்ணும் சதுரந்தானே?"

பெருந்தலைச்சி யோசித்துப் பார்த்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இளவி உள்ளே போனாள். கலைந்த சதுரத்தை மறுபடி கட்ட நேரமில்லை. அடுத்தவளும் பக்கம் ஒன்று என்றாள், அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். எல்லாருக்கும் வழிவிட்டுச் செம்பி கடைசியில் நின்றாள்.

பெருந்தலைச்சி ஐந்து ஐந்தாகவே எண்ணிப் பழகியவள். ஐந்தாவது ஐந்து முடிந்ததும் அவள் கால் தானாகவே உருண்டையைத் தள்ளிவிட்டது. அந்த நேரத்தில்தான் வெள்ளமும் வந்தது.

உள்ளே இருட்டில் இளவி ஒவ்வொருத்தியின் முகத்தையும் தொட்டுத் தொட்டு, "உங்களுக்குப் பின்னால அக்கா வந்தாளா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியாக நுழைந்தவள், "எனக்குப் பின்னாலதான் நின்னா" என்றாள். பெருந்தலைச்சி அதைக் கேட்டு அழுதாள். மழை விட்டு வாசலைத் திறந்தபோது வெளியே மூலைக்காரி இல்லை.

அன்று முதல்தான் எறும்புகள், தனித்தனிச் சதுரமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எவ்வளவு அவசரமானாலும் எதிரே வருபவளை நிறுத்தி, முகத்தைத் தொட்டு, உனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கின்றன.