பாதி விதையும் மூன்று பேராசிரியர்களும்

ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் செண்பகவல்லி எழுத்தராக இருந்தாள். பள்ளி விடுமுறை என்று நான்கு வயது மகள் தாரிணியை அன்று கூட்டி வந்திருந்தாள். துறைத் தோட்டத்தில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் வாயில் ஒரு சிவப்பு விதை. தாய் விரலை விட்டு எடுத்தபோது பாதிதான் கிடைத்தது. மீதியை மென்று விழுங்கியாயிற்று.

மஞ்சாடி விதை முழுச் சிவப்பு; பெரிய கெடுதல் செய்யாது. குன்றிமணிக்கு ஒரு முனை கறுப்பு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கையில் இருந்த பாதி வெறும் சிவப்பு.

தாவரவியல் பேராசிரியருக்கு எல்லாச் செடியும் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆராயும் செடிதான் தெரியும் என்பது அவர்களுடைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும் செண்பகவல்லிக்குத் தெரியும். ஆனாலும் பதறிப்போய், எதிர்ப்பட்ட மூவரிடமும் கேட்டாள்: "இது என்ன விதைங்க?"

பாமினி மகரந்த ஆய்வில் பெயர் பெற்றவர். "மஞ்சாடிதான் செண்பகம். பயப்படாதே, பால் குடு" என்றார்.

சற்குணம் முப்பது வருடமாக விதைகளோடே வாழ்பவர். "பாதியை வச்சு நான் பேர் சொல்றதில்ல. எந்த மரம், எந்தக் கொடின்னு பார்த்துட்டு வரேன்" என்று தோட்டத்துக்குப் போனார்.

தேவசகாயம் கடற்பாசி ஆராய்பவர். "எனக்குத் தெரியாதும்மா. கார்ல ஏறு" என்றார். உள்ளே அவருடைய மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் காத்திருந்தார். தேவசகாயம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் குழந்தை கதறக் கதற வயிற்றைக் கழுவினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சற்குணம் போனில் கூப்பிட்டார். "வேலியெல்லாம் பார்த்துட்டேன். குன்றிமணிக் கொடியே கிடையாது. மஞ்சாடிதான்."

தேர்வாளர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மாணவியின் பட்டம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. "நான் அப்பவே சொன்னேனே, இந்த அமர்க்களம் தேவையா?" என்றார் பாமினி.

இப்போது சொல்லுங்கள், மூவரில் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: தேவசகாயம். பாமினி சொன்னது பலித்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பாதி குன்றிமணியாக இருந்திருந்தாலும் அவர் கண்ணில் அதே சிவப்புதான் பட்டிருக்கும், அதே பாலைத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பார். சற்குணத்தின் விடையில் பிழையே இல்லை. விஷமாக இருந்திருந்தால், அந்த விடை வரும்வரை காத்திருந்த குழந்தை பிழைத்திருக்குமா? பயத்தில் தாய் விதையின் பெயரைக் கேட்டாள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒருவர்தான்.