பிழிந்து ஊற்றிய கசப்பு

ஒரு காலத்தில் சொர்ணலிங்கம் என்ற மனிதருக்குள் ஒரு பெருங்குடல் இருந்தது. அது எல்லாருக்குள்ளும்தானே இருக்கிறது, இதில் என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள். இது அலுத்துச் சலித்துப்போன பெருங்குடல்.

சொர்ணலிங்கம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று டிரைவர்களைப் பிடித்து விரட்டுகிறவர். அவருக்குக் காலையில் பூரி, மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் புரோட்டா சால்னா. வாசலில் உட்கார்ந்திருக்கும் நாக்கு இவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று உள்ளே அனுப்பிவைக்கும். இரைப்பையும் சிறுகுடலும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் பெருங்குடலுக்கு. வருஷக்கணக்காக அந்த மிச்சத்தைத் தள்ளித் தள்ளி, பாவம், அதற்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

ஒரு நாள் அது தன் சுவரில் கடுகளவு ஒரு முளையைப் பார்த்தது.

“யாருப்பா நீ?”

“சும்மா உக்காந்திருக்கேன். என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றது முளை.

சில வருஷம் கழித்துப் பார்த்தால் மிளகளவு இருந்தது.

“சும்மா உக்காந்திருக்கிறவன் எதுக்குடா பெருசாகுத?”

முளை இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பெருங்குடலுக்கு அடிவயிற்றில் பயம் பிடித்துக்கொண்டது. அதுவே அடிவயிறுதான் என்றாலும் பயம் பயம்தானே!

அது நாக்குக்குச் சொல்லியனுப்பியது. “அண்ணாச்சி, நான் இங்க தனியா கிடந்து அல்லாடுதேன். கசப்பு, துவர்ப்புன்னு யாரையாவது கொஞ்சம் உள்ள விடுங்க. அவங்கள மேல உள்ளவங்க அவ்வளவா எடுத்துக்கிடமாட்டாங்க, பெரும்பாலும் என்கிட்டதான் வந்து சேருவாங்க. எனக்கு ஒரு துணையா இருக்கும்.”

“கசப்பா? நான் வாசல்ல இருக்க வரைக்கும் நடக்காது வே” என்றது நாக்கு. “நீரு கடைசில இருக்கீரு. உமக்கு எதுக்கு ருசி?”

பெருங்குடல் மறுபடியும் மிச்சத்தைத் தள்ளப் போயிற்று. பேசி என்ன ஆகப்போகிறது?

அதற்காகச் சொர்ணலிங்கத்தின் மனைவி சண்முகவடிவு காய்கறியே சமைக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். புதனும் சனியும் அந்த வீட்டில் பாகற்காய் உண்டு. வட்டம் வட்டமாக நறுக்குவாள். உப்புப் போட்டுப் பிசறி ஊறவைப்பாள். பிறகு இரண்டு கையாலும் ஒட்டப் பிழிந்து, அந்தப் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவாள். மூன்று தண்ணீர் விட்டு அலசி, எண்ணெயில் முறுக வறுத்து, வெல்லத்தூள் தூவி இலையில் வைப்பாள்.

“கசக்கா?” என்பாள்.

“கசக்கவே இல்லட்டி வடிவு! உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்பார் சொர்ணலிங்கம்.

அந்தப் பாகற்காய்த் துண்டு ஒரு சனிக்கிழமை பெருங்குடலிடம் வந்து சேர்ந்தது.

“வா வா, எங்க உன் கூடப்பிறந்தவன் கசப்பு?” என்று ஆசையாகக் கேட்டது பெருங்குடல்.

“அவனைப் பிழிஞ்சு ஊத்திட்டாங்க. சாக்கடையோட போயிட்டான்” என்றது துண்டு. “நான் வெறும் சக்கை. கொஞ்சம் நார் மட்டும் கொண்டுவந்திருக்கேன்.”

“நாராவது வந்துதே, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றது பெருங்குடல். அன்றைக்கு அதற்கு அழுகை வந்துவிட்டது.

முளை கொண்டைக்கடலை அளவுக்கு வந்தது. பிறகு பாக்கு அளவு. இனிப் பொறுக்க முடியாது என்று பெருங்குடல் சொர்ணலிங்கத்துக்கே ஒரு சேதி அனுப்பியது. சேதி சிவப்பாகப் போனது.

காலையில் கக்கூஸில் சொர்ணலிங்கம் பார்த்தார். பார்த்தவர் பதறியிருக்க வேண்டாமா? “சூடு பிடிச்சிருக்கு வடிவு” என்றார். “நாள் முழுக்க வெயில்ல நிக்கேன்லா.”

சண்முகவடிவு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாள். தினம் ஒரு இளநீர் வெட்டினாள். உடம்பு குளிர்ந்ததே தவிர, சேதி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினால் எங்கே, எதைக் காட்டச் சொல்வார்களோ என்று அவருக்கு வெட்கம். எட்டு மாசம் இப்படியே போயிற்று.

“சூடு இல்லய்யா, சூடு இல்ல!” என்று கத்திக் கத்திப் பெருங்குடலுக்குத் தொண்டை வற்றிப்போனது.

கடைசியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலேயே கண் இருட்டி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் அன்றைக்குத்தான் முதல்முதலாக வெளிச்சம் பார்த்தது. முளையோடு சேர்த்து ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். “மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. எதுவும் இப்பவே சொல்ல முடியாது.”

தையல் ஆறி, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்ன வாரம், சண்முகவடிவு பாகற்காய் நறுக்கினாள். உப்புப் போட்டாள். பழக்கம் விடுமா, கை பிழியப் போயிற்று.

“பிழியாத வடிவு. அப்படியே வை” என்றார் சொர்ணலிங்கம். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

நாக்கு முகத்தைச் சுளித்தது. ஆனாலும் இந்தத் தடவை வழி விட்டது.

கசப்பு மெல்ல மெல்ல இறங்கிப் பெருங்குடலிடம் வந்தது. தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தது.

“போனத என்னால கொண்டுவர முடியாது வே. நான் மருந்தும் இல்ல” என்றது. “மிச்சம் இருக்கதுக்குத் துணையா இருக்கேன்.”

பெருங்குடலுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

“ஏன் இத்தனை தாமதம்?” என்று மட்டும் கேட்டது.

“நான் எங்க தாமதமா வந்தேன்? முப்பது வருஷமா, புதனும் சனியும், தவறாம வந்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றது கசப்பு. “அடுக்களை வரைக்கும்.”