பன்னிரண்டு தடவை

நூல் மில்லில் எட்டு மணி நேரமும் நடந்து நடந்து அறுந்த இழையை ஒட்டுகிறவள் மயிலாத்தாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால், கை ஊன்றாமல் அரை நிமிஷத்தில் பன்னிரண்டு தடவை நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்றார் மேனேஜர் தண்டபாணி. பிசியோதெரபிஸ்ட் ஷாஹினா எண்ணினாள். பதினொன்று.

“ஒண்ணு குறையுது. வேலை கிடையாது,” என்றார் மேனேஜர்.

“எப்படி எழறதுன்னு நீங்க ஒருக்கா காட்டுங்க சார்,” என்றாள் மயிலாத்தாள்.

கெத்தாக உட்கார்ந்தவர் நாலாவதில் தடுமாறினார். ஐந்தாவதில் எழவே முடியவில்லை.

மயிலாத்தாள் தண்ணீர் கொடுத்தாள். “நான் நின்னே வேலை செய்யறவளுங்க. உட்கார்ந்து எழறது உங்க வேலைதானுங்களே.”

“ரெண்டு பேரோடதையும் ரிப்போர்ட்ல எழுதட்டுமா சார்?” என்றாள் ஷாஹினா.

“அவளோடது போதும். பன்னிரண்டுன்னு போடுங்க.”

“பதினொண்ணுன்னே போடுங்க,” என்றாள் மயிலாத்தாள். “வேலைக்கு வரலாம்னு கீழ சார் கையெழுத்து இருந்தாப் போதும்.”