சுவரில் சிக்கிய கஜேந்திரன்

முன்னொரு காலத்தில் இளகிய மனசுக்கார ராஜா ஒருவர் இருந்தார். கோபம் வந்துவிட்டால் மட்டும் அந்த மனசைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அவருடைய பள்ளியறைச் சுவரில் திருமேனி என்ற சித்திரக்காரர் கஜேந்திரனை எழுதியிருந்தார். முதலை காலைக் கவ்வியிருக்க, யானை துதிக்கையில் தாமரையைத் தூக்கிப் பிடித்து அலறுகிறது. மேல் மூலையில், மேக ஓரத்தில், கருடன்மேல் பெருமாள், சக்கரமும் கையுமாக. பார்த்தவர்கள் கைகூப்பினார்கள். ராஜாவுக்கோ ஒரே மாதத்தில் சோறு இறங்கவில்லை.

"கண் விழித்தாலும் அலறுகிறது, மதியம் சாய்ந்தாலும் அலறுகிறது. இதை விடுவிக்க ஆளே இல்லையா?" என்று சபையில் பொருமினார்.

தளவாய் இரணசிங்கர் எழுந்தார். விகடகவி குழைக்காதனுக்கு ராஜா பக்கத்தில் ஆசனம் கிடைத்தது அவருக்கு நெடுநாள் உறுத்தல்.

"மகாராஜா, குழைக்காதர் விடுவிக்கட்டும். ஆனால் படத்தில் ஒரு கோடும் மாறக் கூடாது. முடியாவிட்டால் அவரும் சித்திரக்காரரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். நாளை காலை வரை தவணை!"

திருமேனி குழைக்காதனிடம் ஓடி வந்தார். "எம்பொண்ணு நிறைமாசமா இருக்காய்யா. அவளைக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போவேன்?"

குழைக்காதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டான். "வாங்க, மொதல்ல படத்தைப் பார்ப்போம்."

பள்ளியறை வாசலில் காவலன் குழைக்காதன் மடியைத் தடவிப் பாக்குவெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"இதுவுமாடா ஆயுதம்?"

"தளவாய் உத்தரவு சாமி. ஆயுதத்தோட உள்ள யாரையும் விடக் கூடாது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலுந்தான்."

குழைக்காதன் அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தான். படத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை எல்லோரும் சுவர் முன்னே கூடினார்கள்.

"மகாராஜா, பெருமாள் அப்போதே வந்துவிட்டார். மேகத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்கத்தான் வழியில்லை" என்றான் குழைக்காதன்.

"ஏன்?"

"கையில் சக்கரம் இருக்கிறதே! ஆயுதத்தோடு யார் வந்தாலும் இந்த அறைக்குள் விடக் கூடாது என்று தளவாய் உத்தரவு போட்டிருக்கிறார்."

ராஜாவின் மீசை துடித்தது, கோபத்தால் அல்ல. "தளவாயாரே, பெருமாளையா தடுத்து நிறுத்தினீர்?"

"இல்லை மகாராஜா... அவருக்கு உத்தரவு பொருந்தாது... தாராளமாக வரட்டும்" என்று தளவாய் திணறினார்.

"அனுமதி கிடைத்துவிட்டது. இனி அவர் இறங்கி வர இடம்தான் வேண்டும். பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது" என்றான் குழைக்காதன்.

ராஜா தலையசைத்தார். இருபது நாளில் திருமேனி அங்கே அடுத்த காட்சியை எழுதி முடித்தார். முதலை இரண்டு துண்டாகக் கிடக்க, கரையேறிய யானை பெருமாள் பாதத்தில் தாமரையை வைக்கிறது.

தளவாய் விடவில்லை. "பழைய சுவரில் முதலை இன்னும் கடித்துக்கொண்டுதானே இருக்கிறது?"

"அது போன மாசத்து யானை, தளவாயாரே. இந்த மாசத்து யானை சௌக்கியமாக இருக்கிறது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார். திருமேனியின் பேரக்குழந்தைக்கு வெள்ளித் தொட்டில் போனது.

அன்று மதியம் ராஜா புதுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். அவர் விட்ட குறட்டைக்குக் கொட்டிலில் நின்ற யானைகளெல்லாம் பதிலுக்குப் பிளிறினவாம்.