தொடாமல் ஓடிய மோட்டார்

அடுக்குமாடி வாட்ச்மேன் இருளப்பன், மகள் செண்பகத்தை இன்ஜினியரிங் சேர்க்கலாமா என்று குடியிருப்புச் செயலாளர் நரசிம்மனிடம் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர்.

"இன்ஜினியருங்களே வேலையில்லாம அலையுறாங்க. துணிக்கடைக்கு அனுப்பு."

அப்பா பின்னால் நின்ற செண்பகம் முன்னே வந்தாள். "நான் எலக்ட்ரிக்கல் படிக்கணும் சார்."

இரண்டு நாளாகத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. நரசிம்மனே கழற்றி மாட்டியும் பலனில்லை.

"அந்த மோட்டாரைத் தொடாம ஓட வை. நானே உன்னைச் சேர்த்துவிடறேன்," என்று சிரித்தார்.

மின்பெட்டியில் மும்முனை மின்சாரம் வருவதைக் காட்டும் மூன்று விளக்குகளில் ஒன்று எரியாததை அவள் கவனித்திருந்தாள். நேரே அங்கே போனாள். மெயினை நிறுத்தி, எரிந்துபோன பியூஸை மாற்றி, மறுபடி போட்டாள். மோட்டார் உறுமியது.

"வேலை இல்லைன்னீங்களே சார், இங்கேயே ஒரு வேலை ரெண்டு நாளா காத்துக்கிட்டிருந்துச்சே!"

நரசிம்மன் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். "விண்ணப்பிக்க என்னைக்கும்மா கடைசி?"

"இன்னைக்குத்தான் சார்."

"அப்ப ஏன் நிக்குற? வண்டியில ஏறு!"