ரொசாரியோ தொலைத்த ஸ்வரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஜெசிந்தா அந்த வேனில் இருந்தாள். அவள் சொன்னதில் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தூத்துக்குடியில் அருள்வளன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள் ஜெசிந்தா. அன்று காலை பத்து மணிக்கு உடன்குடியில் ஒரு கல்யாணக் கச்சேரி. சொல்லி வைத்தாற்போல் முந்தின நாள் குழுவின் கிட்டார்காரனுக்கு அம்மை போட்டுவிட்டது. மணமக்கள் மேடைக்கு வரும்போது கிட்டாரில் தொடங்குகிற பாட்டு ஒன்று வேண்டும் என்று கல்யாணப் பெண்ணே கேட்டிருந்தாள். போன மாதம் வேறொரு கல்யாணத்தில் கீபோர்டு பாதியில் மூச்சை விட்டு, ஊமைக் கச்சேரி என்று ஏற்கெனவே பேர் கெட்டிருந்தது. இதிலும் சொதப்பினால் குழுவைக் கலைத்துவிட்டு மச்சானின் ஐஸ் கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அருள்வளன் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் யாரோ சொல்லி வந்து சேர்ந்தவர்தான் ரொசாரியோ. ஐம்பது வயது, குதிரைவால் முடி, கையில் கிட்டார். அண்ணன் என்ன மாதிரி வாசிப்பீர்கள் என்று ஜெசிந்தா மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாள். வேன் கிளம்பி முக்காணி ஊரைத் தாண்டும் வரை அவர் வாயை மூடவில்லை.

“பங்க் ராக்கும் ஃப்ரீ ஜாஸும் கலந்து வாசிப்பேன் தங்கச்சி. பங்க்குன்னா கிட்டார்ல மூணே பிடி, வெறி பிடிச்ச வேகம், ஒரு நிமிசத்துல பாட்டு முடிஞ்சிரும். ஃப்ரீ ஜாஸ்ல சட்டதிட்டமே கிடையாது, அந்த நேரத்துல தோணுனதை வாசிக்கணும், பாட்டு முடியவே முடியாது. இந்த ரெண்டையும் இந்தியாவுலயே சேர்த்து வச்சவன் நான் ஒருத்தன்தான்.”

பெங்களூரில் அவர் வாசித்த வேகத்தைப் படம்பிடிக்க ஒரு போட்டோகிராபர் வந்தானாம். பத்துப் படம் எடுத்தான். பத்திலும் கிட்டார் இருந்தது, சட்டை இருந்தது, கையை மட்டும் காணோம். அந்தப் படங்களைப் பார்த்த ஒரு சங்கம், கையில்லாமலே சாதித்தவர் என்று பொன்னாடை போர்த்தியதாம். எந்தக் கையால் வாங்கினீர்கள் என்று கேட்டார் டிரைவர் இசக்கி. தோளில்தானே போர்த்துவார்கள், அதற்குக் கை எதற்கு என்றார் ரொசாரியோ.

அதற்கப்புறம்தான் ஒரே நிமிடத்தில் முடிகிற, ஆனால் முடியவே முடியாத பாட்டு ஒன்றை வாசித்திருக்கிறார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நேரம் ஓடியது என்று அருள்வளன் கேட்டதற்கு, நாலு நாள் என்றார் அசராமல். மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் தாடியோடு எழுந்து போனார்களாம். கடிகாரத்தில் மட்டும் ஒரே நிமிடம்தான் ஆகியிருந்ததாம்.

இசக்கி வேனை ஓரங்கட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார். ரொசாரியோ கோபித்துக்கொள்ளவில்லை. இதற்கே இப்படியா என்பதுபோலப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்துவிட்டார்.

அன்று வாசிப்பின் உச்சத்தில், எல்லாருக்கும் விடுதலை என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். மற்ற ஸ்வரங்கள் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிட்டன. ‘நி’ என்கிற நிஷாதம் மட்டும் நிஜம் என்று நம்பி, கம்பியிலிருந்து இறங்கி வாசல் வழியாகப் போய்விட்டதாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். ரைட்டர் அடையாளம் கேட்டார். கொஞ்சம் கூர்மையாக இருக்கும், கடைசியாகப் பார்த்தபோது மூன்றாவது கம்பியில் நின்றது என்று எழுதிக் கொடுத்தாராம்.

“கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லும்,” என்றார் அருள்வளன். அவருக்கே தெரியாமல் கதைக்குள் விழுந்திருந்தார்.

கிடைத்தது. ஓசூரில் ஒரு வீட்டுப் பிரஷர் குக்கரில் விசிலாகக் குடியேறியிருந்தது. ரொசாரியோ அடுப்படி ஜன்னலில் நின்று கெஞ்சிப் பார்த்தார். காலையில் மூன்று, மதியம் மூன்று, அதற்குமேல் வேலையில்லை, எனக்கு இதுவே நிம்மதி என்று அது வர மறுத்துவிட்டதாம். அன்றிலிருந்து அந்த ஸ்வரம் இல்லாமல்தான் வாசிக்கிறாராம், யாரும் கண்டுபிடித்ததில்லையாம்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. பெண் கேட்ட பாட்டு அந்த ஸ்வரத்தில்தான் தொடங்குகிறது என்றாள். ரொசாரியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் நானூறு பேர். மணமக்கள் வாசலுக்கு வந்தாயிற்று. ஜெசிந்தா ரொசாரியோவின் பக்கம் திரும்பினாள். அவர், கடைசியாக மேடை ஏறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, பாட்டின் முதல் அடியே மறந்துவிட்டது என்று முணுமுணுத்தார்.

“பெங்களூர்ல நெசமா எத்தன பேருண்ணே கேட்டாங்க?” என்றாள்.

“நாலு பேர். அதுல மூணு பேரு நம்ம பேண்டுக்காரங்க.”

இந்த மனிதனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நாலு பேருக்கு வாசித்ததையே வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் யோசிக்க இடம் கொடுக்காமல் குச்சியை ஓங்கி அடிக்கத் தொடங்கினாள், கல்யாணத்துக்குப் பொருந்தாத வேகத்தில்.

ரொசாரியோ கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் கை வைத்தார். தகரக் கொட்டகைமேல் தேங்காய் உருள்கிற மாதிரி ஒன்று கிளம்பியது. அது ஓடியது, முட்டியது, திரும்பி வந்து வேறு பக்கம் பாய்ந்தது. டிரம்ஸ் எங்கே போனாலும் கிட்டார் அதற்கு முன்னால் போய் நின்றது. இப்படி ஒரு ஆளோடு தான் வாசித்ததே இல்லை என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. பந்தியில் சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணப் பெண் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடியபடியே மேடைக்கு வந்தாள். மாப்பிள்ளை மட்டும் எங்கே தீப்பிடித்தது என்று தேடுபவர்போல் வந்தார்.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. பெண்ணின் பெரிய அத்தை பார்வதி, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைப் படியேறி வந்தார். அருள்வளன் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து இல்லாத ஒயரைத் தேடினார்.

“இது என்ன சத்தம்?” என்று கேட்டார் அத்தை.

ரொசாரியோ டிரம்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“இது கல்யாணத்துக்குன்னே உள்ள வாசிப்பு அத்தை,” என்றாள் ஜெசிந்தா. “இதைக் காதுல வாங்குன மாப்பிள்ளை ஆயுசுக்கும் பொண்டாட்டி பேச்சைத் தட்ட மாட்டாரு. சாத்தான்குளத்துல ஒருத்தருக்கு வாசிச்சோம். இப்பம் அவருக்குத் தும்மல் வந்தாக்கூட வீட்டுக்காரி மூஞ்சியத்தான் பாக்காரு. அவ தலையாட்டலன்னா தும்மல் வந்த வழியே உள்ள போயிருது.”

அத்தை மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

“மாப்பிள்ளைக்கு வலது காது கொஞ்சம் மந்தம்,” என்றார் மெதுவாக. “ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பி வச்சு இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லு.”

ஜெசிந்தா குச்சியை எடுத்தாள். ரொசாரியோ அவள் பக்கம் குனிந்து, நிஜமாகவே மனம் நொந்த குரலில் சொன்னார்:

“ஏ தங்கச்சி, கொஞ்சங்கூட வாய் கூசாம இப்படிப் புளுகுதியே.”