கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை

செவிலியர் கல்லூரியில் தத்துவ வகுப்பு எடுத்தவர் சிஸ்டர் எமரென்சியா. பச்சிளங்குழந்தைகள் வார்டும் அவர் பொறுப்புதான்.

மாணவி ஜெபக்கனி வார்டில் வைத்து அவரைக் கேட்டாள்.

"எல்லாருக்கும் பொதுவா ஒரே உண்மை கிடையாது, நிக்கிற இடத்தைப் பொறுத்ததுன்னு பாடம் எடுத்தீங்க. அப்போ இந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலைங்கிறதும் ஒரு பார்வைதானா, சிஸ்டர்?"



எதிரே முத்துப்பேச்சி நின்றாள். குறைமாதத்தில் பெற்ற பிள்ளையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள். பிள்ளையின் கண் வெள்ளைகூட மஞ்சளாகிவிட்டது. காமாலையைக் குறைக்கும் நீல விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. உள்ளே வைத்த பிள்ளையை அவளே வெளியே எடுத்துவிட்டாள்.

"ரத்தத்துல மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது. மூளையைத் தாக்கும்னு எத்தனை தடவை சொல்றது? கேட்க மாட்டேங்கிறா," என்றாள் ஜெபக்கனி.

"ஒனக்குப் பிள்ளை இருக்கா? இருந்தா அதக் கொண்டாந்து இதுல போடு," என்றாள் முத்துப்பேச்சி.

சிஸ்டர் முத்துப்பேச்சியின் பக்கத்தில் போய் நின்று, அவள் பார்க்கிற திசையில் பார்த்தார்.

"அங்க என்னம்மா தெரியுது?"

காலிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் முத்துப்பேச்சி.

"எங்கய்யா செத்தப்போ இப்படித்தான் வச்சிருந்தாவ. கண்ணாடிப் பெட்டி, உள்ள லைட்டு. ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு. தொட மட்டும் விடல."

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். சிஸ்டர் தலையசைத்து நிறுத்தினார்.

"பிள்ளைய இவகிட்ட குடுத்துட்டு, கையைக் கழுவிட்டு வாம்மா."

கழுவி வந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்கிற வட்டக் கதவைத் திறந்தார் சிஸ்டர். முத்துப்பேச்சி விரலை மட்டும் விட்டாள். பிறகு முழங்கை வரை.

"கதகதன்னு இருக்கு," என்றாள். "அய்யா பெட்டி மேல கை வச்சாலே ஐஸா இருந்துச்சு."

"ம்."

"கைய எடுக்கச் சொல்ல மாட்டியளே?"

"மாட்டேன்."

பிள்ளையை வாங்கி அவளே உள்ளே கிடத்தினாள். வெளிச்சம் படாதபடி அதன் கண்ணுக்குத் துணியும் அவளே கட்டினாள். வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உள்ளே வைத்ததும் அழத் தொடங்கியிருந்த பிள்ளை அடங்கியது.

ஜெபக்கனி சிஸ்டரைத் தனியே அழைத்தாள்.

"கடைசியில நாம சொன்னதுதானே நடந்துச்சு? பிள்ளை விளக்குக்குக் கீழ போயிடுச்சே. இனி அவளை வெளிய அனுப்பிடலாமா? தாய்மார் இங்க நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"விளக்கு நம்மளோடது. கை அவளோடது. இதுல எது வேண்டாம்னு அந்தப் பிள்ளைகிட்ட போய்ச் சொல்லிட்டு வா."

ஜெபக்கனி போனாள். பெட்டிக்குள் பிள்ளையின் நெஞ்சில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து, நின்றுகொண்டிருந்தவளுக்குப் பின்னால் போட்டாள்.